லெக்லர்க்குக்கு இன்டர் போட்டது தவறா? இன்டர்லாகோஸ் 2022 தகுதிச்சுற்று

ஏபெக்ஸ் முருகு:
2022 பிரேசில் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச்சுற்றின் கடைசிப் பகுதியை மறுபடி பார்த்தேன். ஆறவே மாட்டேன் என்கிறது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் 11, சாவ் பாவ்லோவின் இன்டர்லாகோஸ் தளம். தூறல் லேசாக விழுகிறது, பெருமழை எந்த நேரமும் வரலாம். 12 நிமிடம்தான் இருக்கிறது, அதற்குள் வேகமான ஒரு லேப் (சுற்று) போடுகிறவருக்கு முதலிடம். பச்சை விளக்குக்கு முன்பே, காராஜிலிருந்து தளத்துக்குப் போகும் பிட் லேன் முனையில் கார்கள் வரிசை கட்டிவிட்டன, ஹாஸின் மேக்னுசன் முதல் ஆளாக நிற்கிறார். பத்துக் கார்களில் ஒன்பதில் சிவப்புப் பட்டை சாஃப்ட், அதாவது காய்ந்த தளத்துக்கான வழுவழு டயர் (ஸ்லிக்). லெக்லர்க்கின் ஃபெராரியில் மட்டும் பச்சைப் பட்டை இன்டர்மீடியட் (இன்டர்), ஈரத் தளத்துக்கான டயர்.

மேக்னுசன் முதல் லேப்பிலேயே 1:11.674 போட்டார். வெர்ஸ்டாப்பன் 0.203 நொடி பின்னால். ரஸ்ஸல் நாலாவது வளைவில் வெளியே போய் ஜல்லியில் சிக்க, ஓட்டத்தை நிறுத்தும் செங்கொடி வந்தது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. அப்புறம் யாராலும் நேரத்தைக் குறைக்க முடியவில்லை. ஹாஸுக்கு வரலாற்றிலேயே முதல் போல் (தகுதிச்சுற்றில் முதலிடம்). லெக்லர்க் நேரமே பதிவாகாமல் பத்தாவது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கணக்கே தப்பு.

மழைமேகம்:
முருகு, மழை வராமலே போயிருந்தால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொண்டிருப்பேன். வந்ததே! ஃபெராரியின் கணிப்பு சரிதான், சில நிமிடம்தான் பிசகியது. அதுவும் இரண்டு காரையும் இன்டரில் அனுப்பவில்லை. அவர்களுடைய இன்னொரு ஓட்டுநர் சைன்ஸை சாஃப்டில் அனுப்பினார்கள், அவர் ஐந்தாவது வந்தார். எது நடந்தாலும் ஒரு கார் முன்னால் இருக்கட்டும் என்று பிரித்து விளையாடினார்கள். மழை இரண்டு நிமிடம் முன்னால் கொட்டியிருந்தால் ஒன்பது பேரும் வழுக்கிக்கொண்டு பிட்டுக்குத் திரும்பியிருப்பார்கள், லெக்லர்க் போலில் நின்றிருப்பார். அன்றைக்கு எல்லாரும் அவர்களை மேதைகள் என்று கொண்டாடியிருப்போம்.

ஏபெக்ஸ் முருகு:
அந்த "இரண்டு நிமிடம்" இருக்கிறதே, அதைத்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பிட்டிலிருந்து கிளம்பி டயரைச் சூடாக்கும் அவுட் லேப், அப்புறம் ஒரு வேக லேப். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. சாஃப்டில் போனவருக்கு அந்த மூன்று நிமிடம் காய்ந்தால் போதும். ஒரு தடவை போட்ட நேரத்தை அப்புறம் எந்த மழையும் அழிக்காது. நாலாவது நிமிடத்தில் வெள்ளமே வந்தாலும், ஈரத் தளத்தில் ஓட்டும் இன்டர் லேப் அந்த 1:11-ஐத் தொடாது.

ஆக, இன்டர் ஜெயிக்க வேண்டுமானால் முதல் மூன்று நிமிடத்துக்குள் மழை கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டினாலும் மற்றவர்கள் உள்ளே வந்து இன்டர் மாட்டிக்கொண்டு திரும்ப 9 நிமிடம் பாக்கி இருக்கும். லாபத்துக்கு வழி குறுகல், நஷ்டத்துக்கு வழி அகலம். பந்தயத்தில் என்றால் ஐம்பது லேப்பில் சரிக்கட்டலாம். தகுதிச்சுற்றில் எதை வைத்துச் சரிக்கட்டுவது?

மழைமேகம்:
9 நிமிடம் இருக்கும் என்பது காகிதத்தில் சரி. மழை வலுத்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு லேப்பும் முந்தினதைவிட மெதுவாகும். மற்றவர்கள் டயர் மாற்றித் திரும்புவதற்குள் தளம் மோசமாகியிருக்கும். முதலில் இன்டரில் சுற்றியவருடைய லேப்தான் நிற்கும். அவர்கள் விலை கொடுத்து வாங்கப் பார்த்தது அந்த ஒரு லேப்பைத்தான்.

கொடி மார்ஷல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் மார்ஷலாக நிற்கிறவன், தளத்தை ஓரத்திலிருந்து பார்த்த வகையில் சொல்கிறேன். டிவியில் ஈரமாகத் தெரிவதும் டயருக்கு ஈரமாக இருப்பதும் வேறு வேறு. தூறல் ஆரம்பித்தவுடன் முதலில் வழுக்குவது வளைவோரத்தில் பெயின்ட் அடித்த கெர்ப்பும் (விளிம்புத் திட்டு) வெள்ளைக் கோடும்தான். கார்கள் தொடர்ந்து ஓடும் பாதையில் டயர் சூடு ஏறி இருப்பதால் லேசான தூறல் தாங்கும். ஓட்டுநர் கெர்ப்பைத் தொடாமல் ஒரு முழம் உள்ளே வளைத்தால் ஸ்லிக்கில் ஒரு நல்ல லேப் எடுத்துவிடலாம். ஆனால் அது சூடாக இருக்கிற ஸ்லிக்குக்கு மட்டும். ஆறிப்போன ஸ்லிக் ஈரத்தில் பிடிக்காது. பிடிக்காததால் வேகம் எடுக்க முடியாது, வேகம் இல்லாததால் சூடும் ஏறாது.

2021 சோச்சி தகுதிச்சுற்றில் பார்த்தோமே. தளம் காய்ந்துவர, ஸ்லிக்குக்கு மாற பிட்டுக்குள் வந்த ஹாமில்டன் நுழைவுச் சுவரில் இடித்தார். அதைச் சரிசெய்து வெளியே வந்தபோது டயருக்குச் சூடேற்ற நேரமில்லை. சுழன்றார், நாலாவதோடு முடிந்தது. சுமுகமாக மாறிய நோரிஸ் போல், சைன்ஸ் இரண்டு, வில்லியம்ஸில் ரஸ்ஸல் மூன்று.

இன்டருக்கு வேறு வியாதி. பைரெல்லி கணக்குப்படி 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு இன்டர் நொடிக்கு 30 லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளும், கனமழைக்கான ஃபுல் வெட் டயர் 85 லிட்டர். தள்ளுவதற்குத் தண்ணீரே இல்லையென்றால் டயரின் மேல்பக்க ரப்பர் கட்டிகள் நெளிந்து, கொதித்து, உரிய ஆரம்பிக்கும். இன்டர்லாகோஸில் லெக்லர்க் சுற்றியபோது தளத்தில் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை.

செங்குதிரை:
நான் பல வருட ஃபெராரி ரசிகன். எனக்கு வலிப்பது இது முதல் தடவை இல்லை என்பதுதான். 2018 சுஸுகாவை யாரும் மறக்கவில்லையே? கடைசிப் பகுதி ஆரம்பிக்கிறது, தளம் காய்ந்து கிடக்கிறது, மழை வரப்போகிறது என்று இரண்டு ஃபெராரியையும் இன்டரில் அனுப்பினார்கள். ஒரே சுற்றில் திரும்பி உள்ளே வந்து ஸ்லிக் மாட்டிக்கொண்டு போனார்கள். அதற்குள் தளத்தில் நிஜமாகவே ஈரம் ஏற ஆரம்பித்துவிட்டது. வெட்டல் ஸ்பூன் வளைவில் வெளியே போனார், ஒன்பதாவது. ராய்க்கோனன் நாலாவது. ஹாமில்டனுக்கு 80-வது போல். பட்டம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

நாலு வருடம் கழித்து அதே நினைப்பு, அதே டயர். மழைமேகம் அண்ணா, பிரித்து விளையாடியது சுஸுகாவைவிட ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விளையாட்டில் ஏன் எப்போதும் எங்கள் ஆளே பலி?

மழைமேகம்:
தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2010 செபாங். முதல் பகுதியில் மழை. இது கடந்துபோகும், அப்புறம் தளம் நன்றாகும் என்று ஃபெராரியும் மெக்லாரனும் காராஜிலேயே காத்திருந்தார்கள். மழை வலுத்தது. அலோன்சோ 19, ஹாமில்டன் 20, மாஸா 21. அன்று அவர்களைக் கவிழ்த்தது சாகசம் கிடையாது, எச்சரிக்கை. அதே நாள் கடைசிப் பகுதியில் முன்னணிக்காரர்கள் ஃபுல் வெட்டில் இருக்க, வெபர் இன்டரில் போய் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசத்தில் போல் எடுத்தார். எல்லாரும் போகிற டயரில் நீயும் போ என்றால் வெபருக்கு அந்த போல் கிடைத்திருக்குமா?

ஏபெக்ஸ் முருகு:
வெபர் உதாரணம் என் பக்கம்தான் வருகிறது அண்ணா. அப்போது தளத்தில் இருந்த தண்ணீருக்கு ஏற்ற டயரைத்தான் அவர் மாட்டினார். இனி வரப்போகிற தண்ணீருக்கு மாட்டவில்லை. அதே இன்டர்லாகோஸில் 2010-ல் ஹுல்கன்பெர்க் வில்லியம்ஸில் எடுத்த போலும் அப்படித்தான். காய்ந்துவரும் தளத்தில் ஸ்லிக்கில் 1:14.470, வெட்டலைவிட ஒரு நொடிக்கு மேல் வேகம். இந்த இரண்டு போலும் அந்த நிமிடத்துத் தளத்தைப் பார்த்து எடுத்தவை. சுஸுகாவும் 2022-உம் ரேடாரைப் பார்த்துக் கோட்டைவிட்டவை. செபாங்கில் காராஜுக்குள் உட்கார்ந்திருந்தவர்களும் ரேடாரைத்தானே நம்பினார்கள்?

செங்குதிரை:
அப்படியென்றால் முடிவை ஓட்டுநரிடம் விட வேண்டும். 2023 மான்ட்ரியாலைப் பாருங்கள். இரண்டாம் பகுதி, தளம் காய்கிறது. லெக்லர்க் ஸ்லிக் வேண்டும் என்று கேட்கிறார். முதலில் இன்டரில் ஒரு நேரத்தைப் பத்திரமாகப் போட்டுவிடலாம் என்கிறது பிட் வால் (ஓரத்தில் இருந்து முடிவெடுக்கும் அணிக் குழு). வில்லியம்ஸ் ஆல்பனை முதல் ஆளாக ஸ்லிக்கில் அனுப்பியது, அந்தப் பகுதியில் அவர்தான் முதலிடம். லெக்லர்க்குக்கு ஸ்லிக் கிடைத்தபோது மழை திரும்பிவிட்டது. பதினொன்றாவது, வெளியே. தளத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பின்பக்கத்தில் பிடிப்பு தெரியும். திரையைப் பார்க்கிறவனுக்குத் தெரியாது.

கொடி மார்ஷல்:
மான்ட்ரியாலில் அவர் தளத்தில் ஓட்டி உணர்ந்துவிட்டுக் கேட்டார். இன்டர்லாகோஸில் கார் காராஜை விட்டுக் கிளம்பும் முன்பே டயர் மாட்டியாகிவிட்டது. அவுட் லேப் முடிந்ததும் உள்ளே இழுத்து சாஃப்ட் மாட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பலர் எழுதியிருந்தார்கள். தப்பித்திருக்க முடியாது. செங்கொடி வந்தபோது 8 நிமிடத்துக்குச் சற்று மேல் பாக்கி. அதாவது ஆரம்பித்து நாலு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே வந்து, மாற்றி, இன்னொரு அவுட் லேப் ஓட்டி, ஒரு வேக லேப்பை முடிக்க அது பத்தாது. வரிசையில் நிற்கும்போதே விஷயம் முடிந்துவிட்டது. பின்னால் வந்த பெரேஸும் லெக்லர்க்கிடம் மாட்டிக்கொண்டு ஒன்பதாவதுக்குப் போனார்.

மழைமேகம்:
சரி, மார்ஷல் சொன்ன நேரக் கணக்கை ஏற்கிறேன். ஆனாலும் பிரித்து அனுப்பியதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது ஸ்பிரின்ட் வாரம், அதாவது சனிக்கிழமை ஒரு குட்டிப் பந்தயமும் உண்டு. 2022-ல் வெள்ளிக்கிழமை தகுதிச்சுற்று சனிக்கிழமை ஸ்பிரின்ட்டுக்குத்தான் கிரிட் (கிளம்பும் வரிசை) போட்டது, ஸ்பிரின்ட் முடிவுதான் ஞாயிறு பந்தயத்துக்குக் கிரிட் போட்டது. பத்தாவதில் விழுந்தாலும் ஸ்பிரின்ட்டில் 24 லேப் ஓட்டி ஞாயிறு கிரிட்டைச் சரிசெய்திருக்கலாம். லெக்லர்க் ஆறாவதாக முடித்து அதைச் செய்தும் காட்டினார். சூதாட வேண்டுமென்றால் ஆடக்கூடிய வாரம் அதுதான்.

அவர்கள் தவறியது ஆளைத் தேர்ந்தெடுத்ததில். சைன்ஸுக்கு இன்ஜின் மாற்றியதற்காக ஞாயிறு பந்தயத்தில் ஐந்து இடத் தண்டனை எப்படியும் இருந்தது. லெக்லர்க்கோ வருடப் புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் பெரேஸோடு 275-க்கு 280 என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்டரை சைன்ஸ் காரில் மாட்டியிருக்க வேண்டும்.

ஏபெக்ஸ் முருகு:
அப்போது பத்தாவது இடம் சைன்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். ஸ்பிரின்ட்டில் அவர் இரண்டாவது வந்தாரே, தண்டனை போக ஞாயிறு ஏழாவதில் நின்றாரே. பத்தாவதிலிருந்து கிளம்பியிருந்தால் அது நடந்திருக்குமா? அணிகள் பட்டியலில் மெர்சிடீஸ் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்த நேரம், சைன்ஸின் புள்ளியும் புள்ளிதான். இரண்டு காரிலும் சாஃப்ட் மாட்டி, ஹாஸுக்கு முன்னால் போய் வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன்.

செங்குதிரை:
வருடக் கடைசியில் லெக்லர்க் 308, பெரேஸ் 305. மூன்றே புள்ளியில் இரண்டாம் இடம் கிடைத்தது. மழைமேகம் அண்ணா, அந்த மூன்று புள்ளி தவறியிருந்தால் இந்த இன்டரை நீங்களும் மன்னித்திருக்க மாட்டீர்கள்.