சீன மருத்துவ ட்ரயல்ல அறிகுறி மார்க்கை அப்படியே கூட்டலாமா?

கூட்டல்புள்ளி:
சைனால நடந்த ஒரு மூலிகை மருந்து ட்ரயலோட டேட்டா கையில இருக்கு, எல்லாம் ச்சீ குறைபாடுன்னு (சீன மருத்துவத்துல உடம்போட உயிர்சக்தி கம்மின்னு சொல்ற நிலை) டயக்னோஸ் ஆனவங்க. சைனாவோட 2002 கைட்லைன் படி முக்கிய அறிகுறிக்கு 0, 2, 4, 6, துணை அறிகுறிக்கு 0, 1, 2, 3னு மார்க் போட்டு மொத்தமா கூட்டி, எத்தனை சதவீதம் குறைஞ்சுதுன்னு பாத்து 95 தொட்டா குணம், 70 தொட்டா நல்ல பலன், 30 தொட்டா பலன், அதுக்குக் கீழ பலனில்லன்னு பிரிச்சுட்டு கடைசியில குரூப்களை ஒப்பிட ஒரு கை ஸ்கொயர் டெஸ்ட். சோர்வு லேசுல இருந்து மிதமாகுறதும் மிதத்துல இருந்து கடுமையாகுறதும் ஒரே தூரமா என்ன? இத நம்பலாமா?

சராசரிமனுஷன்:
கூட்டுறத விட அந்த சதவீதம்தான் பெரிய தலைவலி. ஒருத்தர் 10ல இருந்து 3க்கு வந்தா 70%, "நல்ல பலன்". இன்னொருத்தர் 30ல இருந்து 12க்கு வர்றார், 18 புள்ளி குறைஞ்சிருக்கு, ஆனா 60%தான், அதனால வெறும் "பலன்". லேசா வந்தவங்களுக்கு ஈசியா பெரிய பட்டம் கிடைச்சுடும். பேஸ்லைன் மார்க்கை, அதாவது ஆரம்பத்துல இருந்த மார்க்கை, கோவேரியேட்டா (கணக்குல சேர்த்துக்குற துணை மாறியா) போட்டு கடைசி மார்க்கை மாடல் பண்ணுங்க, சதவீதத்தை தூக்கிப் போடுங்க. அப்புறம் கடுமையா இருக்கும்போதுதான் ஆள் சேர்ப்பாங்க, அதனால மருந்து வேலை செய்யலன்னாலும் கொஞ்சம் தானா இறங்கும், கன்ட்ரோல் குரூப் இல்லாம முன்ன பின்ன மட்டும் பாத்தா ஏமாந்துருவோம்.

கப்பாகாரன்:
அதுக்கு முன்னாடி மார்க் போட்டது யாரு, ரெண்டு பேரா? சோர்வை பேஷன்ட்டே சொல்லிடுவார், நாக்கு நிறம், நாடி எல்லாம் டாக்டரோட கண்ணும் விரலும். சும்மா ஒத்துப்போற சதவீதம் பாக்காதீங்க. 100 பேர்ல 90 பேருக்கு ரெண்டு டாக்டரும் "இல்ல"ன்னு சொல்லி, மீதி 10ல அஞ்சு பேருக்கு இவர் மட்டும், அஞ்சு பேருக்கு அவர் மட்டும் "இருக்கு"ன்னா ஒப்புதல் 90%, ஆனா கப்பா (தற்செயலா ஒத்துப்போறதைக் கழிச்சுட்டுப் பாக்குற ஒப்புதல் அளவு) மைனஸ் 0.05! லேசு, மிதம்னு வரிசை இருக்குறதால வெயிட்டட் கப்பா எடுங்க, அது பக்கத்து படி வித்தியாசத்தை சின்ன தப்பா, தூர வித்தியாசத்தை பெரிய தப்பா எடுத்துக்கும்.

கூட்டல்புள்ளி:
நாக்கு, நாடிக்கு ஒரே ஆள்தான் போட்டிருக்கார் 😐 மத்த அறிகுறிக்கு தனித்தனி மார்க் இருக்கு.

மறைமாறி:
தனித்தனியா இருந்தா நல்லது. 6ங்குறது 3ஐ விட ரெண்டு மடங்கு முக்கியம்னு கமிட்டி முடிவு பண்ணது, டேட்டா சொன்னது இல்ல. புள்ளியியல்-உளவியல் ஆய்வாளர் சமெஜிமா 1969ல குடுத்த கிரேடட் ரெஸ்பான்ஸ் மாடல்ல (படிப்படியான பதில்களுக்கான மாடல்) ஒவ்வொரு அறிகுறிக்கும் படி எங்க மாறுது, ஆளையும் ஆளையும் எவ்வளவு பிரிச்சுக் காட்டுதுன்னு மாடலே எஸ்டிமேட் பண்ணும், உங்க "ஒரே தூரமா" கேள்விக்கு பதில் அதுலதான் வரும். ஆனா ஆள் நிறைய வேணும், சில நூறாவது. இன்னொன்னு, எல்லா அறிகுறியும் ஒரே மறைமுகமான அளவைத்தான் காட்டுதுன்னு அது எடுத்துக்கும், ச்சீ குறைபாடு நிஜமாவே ஒரே விஷயமான்னு யாருக்குத் தெரியும்? ஹாங்காங்ல நெவின் ஜாங்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு லேட்டன்ட் ட்ரீ மாடல் (மறைமுக காரணிகளை மரம் மாதிரி இணைக்குற மாடல்) போட்டு இந்த கேள்வியத்தான் சிறுநீரகக் குறைபாடு (சீன மருத்துவ டயக்னோசிஸ், கிட்னி நோய் இல்ல) டேட்டாவுல பாத்தாங்க, எந்த அறிகுறிகள் தானா சேருதுன்னு. உங்ககிட்ட ஆள் கம்மின்னா ஆர்டினல் லாஜிஸ்டிக் (படிகளோட வரிசைய மட்டும் பாக்குற மாடல்), பேஷன்ட்டுக்கு ரேண்டம் எஃபெக்ட் (ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துக்கு இடம் விடுறது), அவ்வளவுதான். நாக்கு நாடிய தனியா ரிப்போர்ட் பண்ணுங்க, கூட்டல்ல சேக்காதீங்க.