கனவில் கை கால் வீசுதல்: நித்திரைப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

இடம் களுவாஞ்சிகுடி. அப்பாவுக்கு வயது 66. இரண்டு வருடமாக விடியப்புறங்களில் கனவில் சண்டை பிடிப்பதுபோலக் கத்துகிறார், கையால் குத்துகிறார், உதைக்கிறார். எழுப்பினால் உடனே தெளிந்து கனவைச் சொல்வார். மணம் பிடிபடுவதில்லை, மலச்சிக்கலும் உண்டு. நடுக்கம் இல்லை, ஆனால் பார்க்கின்சன் நோய்க்கு (நடுக்கம், தசை இறுக்கம் தரும் மூளை நோய்) பல வருடம் முந்தியே இப்படிக் கனவில் உதைப்பது தொடங்கலாம் என்பதுதான் யோசனை.

மெலடோனின் (நித்திரை ஹோர்மோன் குளிசை) 3 மில்லிகிராமில் தொடங்கி 6 ஆக்கியும் பெரிய மாற்றமில்லை. குளோனசிபாம் (மயக்கம் தரும் நரம்புக் குளிசை) 0.5 மில்லிகிராமில் உதை குறைந்தது. குறட்டை கூடி, காலையில் தள்ளாடியதால் டாக்டர் நிறுத்திவிட்டார். சில மனச்சோர்வுக் குளிசைகளும் இதைக் கிளப்பலாம், அவை எடுப்பதில்லை. இப்போது மெத்தை நிலத்தில்.

மூச்சை மட்டும் பார்க்கும் வீட்டுக் கருவி இதற்குப் போதாது. வீடியோவோடு நாடி (மோவாய்), கை, கால் தசை அசைவையும் பதியும் முழு இரவுப் பரிசோதனை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்கே செய்யலாம்?