எகிறலா, பின்னுதைப்பா? சங்கிலி ரம்பக் கையேட்டுக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் ரம்பம் திடீரென்று ஆள்மேல் திரும்புகிறதே, கடைக்காரர்கள் 'கிக்பேக்' என்பது, அதற்குத் தமிழில் என்ன எழுதலாம், எகிறல் என்றால் சரியா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பின்னுதைப்பு, எதிருதைப்பு, மீளுதை, உதறல், எற்றல், துள்ளல் என்று ஆறு சொற்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலோர் பின்னுதைப்புக்குத்தான் கை தூக்கியிருக்கிறீர்கள். துப்பாக்கி சுடும்போது தோளில் இடிப்பதைச் சொல்ல அது ஏற்கெனவே இருக்கிறது, அதையே இங்கும் வைத்துக்கொண்டால் என்ன என்பது உங்கள் வாதம். நியாயம்தான். என் கையேட்டின் முதல் வரைவிலும் அதுதான் இருந்தது.

அந்த வரைவை எங்கள் பட்டறைக்கு வந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சின்ன இன்ஜின் பட்டறை. மருந்து தெளிப்பான், களை வெட்டி, ரம்பம் எல்லாம் பழுது பார்க்க வரும். அவர் கூத்தப்பாக்கத்துக்காரர், இருபது வருடமாக மரம் அறுக்கிறவர், செயினுக்கு அரம் போட வந்திருந்தார். "முனை மரத்தில் பட்டால் பின்னுதைப்பு நேரும்" என்று படித்தேன். "யாரை? பின்னாடி நிக்கிறவனையா உதைக்கும்?" என்றார்.

சரி, மெஷின் உங்களைப் பார்த்து உதைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், எப்படி நிற்பீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினார். வலது காலைப் பின்னால் ஊன்றி, முழங்கையை மடக்கி, நெஞ்சை மெஷின்மேல் சாய்த்து, வருகிற உதையைத் தாங்கத் தயாராக நின்றார். உதை என்று கேட்டால் உடம்பு அப்படித்தான் நிற்கும். ஆனால் அப்படி நின்றவருடைய முகம், ரம்பம் உண்மையில் எந்த வழியாக வருமோ அதே வழியில் இருந்தது. அந்த நிமிடத்திலேயே பின்னுதைப்பு எனக்கு விட்டுப்போயிற்று.

எந்த வழியாக வரும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சொல்லைத் தேர்ந்தெடுக்க அது வேண்டியிருக்கிறது. சங்கிலி சுற்றி ஓடுகிற நீண்ட தகட்டைத்தான் பிளேடு என்கிறோம், அதன் முன்நுனி மூக்கு. மெஷினைக் கையில் பிடித்தால், பிளேடின் மேல்விளிம்பில் சங்கிலி நம்மை விட்டு விலகி ஓடும். மூக்கைச் சுற்றிக் கீழே இறங்கி, அடிவிளிம்பு வழியாக நம்மிடம் திரும்பும். அடிவிளிம்பால் அறுத்தால் மெஷின் மரத்தோடு இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். அதில் பெரிய வம்பு இல்லை. மேல்விளிம்பால், அதாவது கீழிருந்து மேலாக அறுக்கும்போது சங்கிலி இறுகிக்கொண்டால் மெஷின் நேராக நம் வயிற்றுக்கு வரும். நீங்கள் சொல்லும் பின்னுதைப்பு அச்சு அசலாக இதுதான். இதற்கு அந்தச் சொல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆளைக் கிழிப்பது மூன்றாவது. மூக்கின் வளைவை ஒரு அரைவட்டம் என்று எடுத்துக்கொண்டால், அதன் மேல்பாதிதான் இடம். அங்கே பல் கீழ்நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கும். அது ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டுச் சிக்கினால், மரத்துக்குள் இறங்க வேண்டிய வேகம் முழுவதும் பிளேடுக்குத் திரும்பிவிடும். மூக்கு மேலே தூக்கி, பிளேடு ஒரு வில்லைப் போல வளைந்த பாதையில் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், கையால் தடுக்க நேரம் கிடையாது. நேராகத் தள்ளுவது வேறு, சுழன்று தூக்குவது வேறு. முதலாவதைக் கால் ஊன்றித் தாங்கலாம். இரண்டாவதற்கு, தலை அந்தப் பாதையில் இருக்கக் கூடாது என்பதைத் தவிர வழியில்லை.

இந்த மூன்றாவதற்கு நான் முன்வைக்கும் சொல் எகிறல்.

நானாக யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் தினமும் சொல்வதுதான். "செயின் மாத்தினதிலிருந்து மெஷின் எகிறுது, பாருங்க." முதன்முதலில் இதை நான் கேட்டது 'தானே' புயல் முடிந்த கையோடு. 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எப்படி விழுந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்குப் பிறகு என் மாமனார் தோப்பில் ஒரு பெரிய பலாவைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரம் என்பது ஒரு மரமாக இருக்காது. கிளைக்குள் கிளை, அதன் பின்னால் பக்கத்து மரத்தின் கிளை. அறுத்துக்கொண்டிருந்தவர் கண்ணுக்கு முன்னால் இருந்த கிளையை மட்டும் பார்த்தார். பிளேடின் மூக்கு அதைத் தாண்டி, இலைக்குள் மறைந்திருந்த இன்னொரு கட்டையைத் தொட்டது. சத்தம் மாறியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து பார்க்கும்போது சட்டையின் இடது தோள் கிழிந்து தொங்கியது, தலையில் கட்டியிருந்த துண்டு பத்தடி தள்ளிக் கிடந்தது. ஏழு தையலோடு போயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு தோப்புக்குத் திரும்பி வந்தவர் சொன்ன ஒரே வார்த்தை: "எகிறிடுச்சி சார்."

எகிறு என்பது கொச்சை, கையேட்டில் எழுதத் தகாது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். விலை எகிறியது என்று நாளிதழ் தலைப்பிலேயே போடுகிறார்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். பந்து தரையில் பட்டு, எதிர்பார்த்ததைவிட மேலே எழுந்து மட்டைக்காரர் முகத்துக்கு வந்தால் என்ன சொல்கிறோம்? பந்து எகிறிவிட்டது என்கிறோம். ஒன்றில் பட்டவுடன் திடீரென்று மேலே தூக்கி முகத்துக்கு வருவது. ரம்பம் செய்வதும் அட்சரம் பிசகாமல் அதேதான். திசையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. உதைப்பில் திசை இல்லை, அதனால்தான் முன்னால் 'பின்' போட வேண்டியிருந்தது, போட்டும் தவறான திசை வந்து சேர்ந்தது.

தெலுங்கிலும் இதற்கு நெருங்கிய சொல் இருக்கிறதே என்றார் ஒரு ஐயா. இருக்கட்டுமே. ரம்பம்கூடத்தான் எங்கிருந்தோ வந்தது. ஈர்வாள் என்று பழைய சொல் இருக்கிறது, அழகான சொல்தான், ஆனால் சங்கிலி ஈர்வாள் என்று எழுதினால் என் பட்டறைக்கு வருகிற யாரும் அது தன் கையில் இருக்கிற மெஷின் என்று நினைக்கப் போவதில்லை. அதனால் தலைப்பில் சங்கிலி ரம்பம், உள்ளே ரம்பம் அல்லது மெஷின். பிளேடுக்குப் 'பட்டை' என்ற யோசனை வந்தது. மரத்துக்கும் பட்டை இருப்பதால் 'பட்டையைச் சுத்தம் செய்யவும்' என்றால் ஒருவர் மரத்தைச் செதுக்க ஆரம்பிப்பார். பிளேடு இருந்துவிட்டுப் போகட்டும். பிரேக்கும் அப்படியே.

புதுச்சேரி அம்மா ஒருவர் எழுதியது எனக்கு மிகவும் உதவியது. அவர் வீட்டில் பிரான்ஸிலிருந்து வந்த பழைய ரம்பத்தின் கையேடு இருக்கிறதாம். அதில் இந்த அபாயத்துக்கு 'ரெபோன்' என்று போட்டிருக்கிறதாம். பந்து துள்ளி எழுவதற்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். ஆங்கிலக்காரர்களுக்கு அது உதையாகப் பட்டிருக்கிறது, பிரெஞ்சுக்காரர்களுக்குத் துள்ளலாகப் பட்டிருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பிரித்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு மட்டும் ஏன்? அவர் 'துள்ளல்' என்று முன்வைத்தார். அது கெட்ட சொல்லில்லை. ஆனால் கன்றுக்குட்டி துள்ளும், மீன் துள்ளும், கொஞ்சம் சந்தோஷம் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல் என்பதால் தயங்குகிறேன்.

இனி கையேட்டின் அந்தப் பத்தியைப் புதுச் சொல்லோடு படித்துப் பாருங்கள்:

"பிளேடின் மூக்கு, அதன் மேல்பாதி, எதிலும் படக் கூடாது. பட்டால் ரம்பம் எகிறும். எகிறினால் முகத்துக்கு வரும். அறுக்கிற கிளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அறுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றியிருக்கட்டும், இடது முழங்கை மடங்க வேண்டாம். தலையும் கழுத்தும் பிளேடுக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். முழு வேகத்தில் மரத்தைத் தொடுங்கள், பாதி வேகத்தில் தொடாதீர்கள்."

கூத்தப்பாக்கத்துக்காரரிடம் இதையும் படித்தேன். படித்து முடிப்பதற்குள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

இன்னொரு வசதி, கூட்டுச்சொல் எளிதாக வருகிறது. மூக்கின் மேல்பாதிக்கு 'எகிறல் முனை'. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற காப்புக்கு 'எகிறல் காப்பு'. இந்தக் காப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கை முட்டுவதற்காக வைத்த வெறும் பிளாஸ்டிக் என்று நினைத்து, உடைந்துபோனால் அப்படியே ஓட்டுகிறார்கள். ரம்பம் எகிறும்போது மணிக்கட்டு இதில் இடிக்கும், அல்லது அந்த உதறலிலேயே காப்பு தானாக முன்னால் சாயும். சாய்ந்தால் உள்ளே பிரேக்காக இருக்கிற ஒரு உலோகப் பட்டி, சங்கிலியை ஓட்டுகிற கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடித்து சங்கிலியை நிறுத்தும். எங்களிடம் வருகிற மெஷின்களில் மூடியைக் கழற்றினால், மரத்தூளும் செயின் ஆயிலும் சேர்ந்து அந்தப் பட்டியைச் சுற்றிப் புண்ணாக்கு மாதிரி அப்பிக்கிடக்கும். பலாப் பாலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நிலையில் பிரேக் பிடிக்கும் என்று நம்ப முடியாது. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று போதும், தினமும் தட்டிவிடலாம். வேலை தொடங்குமுன் காப்பைத் தள்ளி சங்கிலி உடனே நிற்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ரம்பத்துக்கு ஊற்றுகிற, ஆயில் கலந்த பெட்ரோலுக்குச் சொல் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், 'கலப்பு பெட்ரோல்' எல்லோருக்கும் புரிகிறது. ஆயில் டப்பாவில் 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி என்று அளவை மட்டும் தெளிவாக எழுதினால் போதும்.

சிக்கல் ஒன்றே ஒன்றில்தான் மிச்சமிருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்பதை அதன் உயரம்தான் கட்டுப்படுத்துகிறது. பொதுவாகப் பல்லின் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். பல்லை அரத்தால் ராவ ராவப் பல் தேய்ந்து தாழும், அப்போது புடைப்பையும் அளவு வைத்துக் கொஞ்சம் ராவ வேண்டும். சிலர் அதைத் தொடுவதே இல்லை, மெஷின் தூளாகத் துப்பிக்கொண்டு நகராது. நம் கடற்கரைச் சவுக்கில் பட்டைக்குள் மணல் ஏறியிருக்கும், பல் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி ராவ வேண்டியிருக்கும், அதனால் இந்தப் பிரச்சினையும் அடிக்கடி வரும். வேறு சிலர் வேகமாக அறுக்கட்டும் என்று ஒரேயடியாக ராவித் தள்ளிவிடுகிறார்கள். அளவுக்கு மேல் கடிக்கிற செயின் எளிதில் எகிறும்.

அந்தப் புடைப்புக்கு 'ஆழமானி' என்று ஒருவர் தந்திருக்கிறார். வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது, இது எதையும் அளப்பதில்லை, கடியைத் தடுக்கிறது. 'கடிமட்டம்' என்று எழுதிப் பார்த்தேன், பரவாயில்லை. ஆனால் செயினைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அது காளையின் திமில் போலவே இருக்கிறது. "திமிலை அளவில்லாமல் ராவாதீர்கள், ரம்பம் எகிறும்." எனக்கு என்னவோ இதுதான் பிடித்திருக்கிறது. விளையாட்டாக இருக்கிறது என்றால் சொல்லிவிடுங்கள், கடிமட்டத்தையே போட்டுவிடுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது கையேடு தயாராக இல்லை. இந்த முறை மழைக்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள்.