டென்டாய் ஷோ: 5×5 பலகையில் இரண்டு கட்டங்கள் அநாதையாக நிற்கின்றன

அரைக்கட்டம்:
வணக்கம். சுடோகு அலுத்துப்போய் இரண்டு வாரமாக டென்டாய் ஷோ போட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு விதி இதுதான்: பலகையைக் கோடு போட்டுப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதிக்கு ஒரே ஒரு புள்ளி. புள்ளியை மையமாக வைத்து அந்தப் பகுதியை 180° சுற்றினால் அதே வடிவம் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். ஒரு கட்டமும் மிஞ்சக் கூடாது.

நான் மாட்டிக்கொண்ட பலகையைச் சொல்கிறேன். முதல் எண் மேலிருந்து எத்தனையாவது வரிசை, அடுத்த எண் இடமிருந்து எத்தனையாவது கட்டம்.

கட்டத்தின் நடுவில் உள்ள புள்ளிகள்: அ (1,3), ஆ (2,1), ஈ (3,3), ஊ (4,5), எ (5,3).
இ: (2,4), (2,5), (3,4), (3,5) நான்கும் தொடும் மூலையில்.
உ: (3,1), (3,2), (4,1), (4,2) நான்கும் தொடும் மூலையில்.

முதல் வரிசை முழுவதையும் அ-வுக்குக் கொடுத்து, கீழே (2,3)-ஐயும் சேர்த்தேன். அழகான டி வடிவம், இடமும் வலமும் சமம். அதேபோல் கடைசி வரிசையும் (4,3)-உம் எ-வுக்கு. இப்போது (2,2), (4,4) இரண்டையும் எந்தப் புள்ளியோடும் சேர்க்க முடியவில்லை. புதிரே தப்பா?

காகிதப்புலி:
புதிர் சரி சகோ, டி தான் தப்பு. தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். டி-யின் கால் மேலே போய்விடும். இடமும் வலமும் சமமாக இருப்பது கண்ணாடிச் சமச்சீர். இங்கே கேட்பது சுழல் சமச்சீர். பள்ளியில் இரண்டையும் ஒரே பாடத்தில் படித்ததாலோ என்னவோ, பாதிப் பேர் முதலில் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

கைப்பேசியில் போடுகிறீர்கள் என்றால் திரை தானாகச் சுழல்வதை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். இல்லாவிட்டால் படமும் கூடவே திரும்பி உங்களை ஏமாற்றும்.

நாற்சதுரம்:
திருப்பிப் பார்ப்பதைவிடக் கணக்கு எளிது. ஒரு கட்டத்தின் ஜோடி, அதாவது சுற்றினால் அது போய் உட்காரும் கட்டம், வேண்டுமா? புள்ளியின் எண்களை இரட்டிப்பாக்கி, கட்டத்தின் எண்களைக் கழியுங்கள். அ (1,3), இரட்டித்தால் (2,6). (2,3)-ஐக் கழித்தால் (0,3). பூஜ்ஜியமாவது வரிசை பலகையில் கிடையாது. ஆகவே (2,3) அ-வுக்குச் சொந்தமாகவே முடியாது. அ மேல் ஓரத்தை ஒட்டி இருப்பதால் முதல் வரிசையைத் தாண்டி ஒரு கட்டம்கூட இறங்காது.

மூலைப் புள்ளிகளுக்கும் இதே கணக்குதான். இ (2.5, 4.5), இரட்டித்தால் (5,9). உ (3.5, 1.5), இரட்டித்தால் (7,3).

அரைக்கட்டம்:
அட, டி போச்சு. ஆனால் முதல் வரிசை முழுவதும் அ என்பதையே நான் கண்ணால் பார்த்துத்தான் போட்டேன். ஈ, (2,2) வழியாக (1,2)-க்கு ஏறி (1,1)-ஐயும் பிடித்தால்? எதிர்ப்பக்கம் (4,4), (5,4), (5,5). அதுவும் சுற்றினால் சரியாக வருகிறதே!

நாற்சதுரம்:
நல்ல கேள்வி. (1,1)-ஐ விட்டுவிட்டு (1,4)-ஐப் பாருங்கள். அதை யார் எடுக்க முடியும்?

இ எடுத்தால் ஜோடி (4,5). அங்கே ஊ உட்கார்ந்திருக்கிறது. ஆ, உ, ஊ, எ நான்குக்கும் ஜோடி பலகைக்கு வெளியே போகிறது. ஈ-க்கு ஜோடி (5,2), உள்ளேதான். ஆனால் ஒரு பகுதி துண்டு துண்டாக இருக்க முடியாது, ஈ-யிலிருந்து ஒட்டியபடி அங்கே போக வழியில்லை: (1,3) அ-வுடையது, (2,4) இ புள்ளியைத் தொடுவதால் இ-யுடையது, மிச்சமுள்ள (1,5)-ஐச் சுற்றி (1,4)-ஐத் தவிர இருப்பது (2,5), அதுவும் இ-யுடையது. கதவே இல்லாத வீடு. ஆகவே (1,4) அ-வுக்கு மட்டும்தான். அப்படியானால் அதன் ஜோடி (1,2)-உம் அ.

(1,2) போனதும் உங்கள் ஏணி உடைந்தது. (1,1)-க்குப் பக்கத்தில் இருப்பவை அ-வும் ஆ-வும்தான். ஆ எடுத்தால் ஜோடி (3,1), அது உ-வுடையது. எனவே அ. கூடவே (1,5).

“ஜோடி உள்ளே இருக்கிறதா” என்று பார்ப்பதோடு பலர் நின்றுவிடுவார்கள். “போக வழி இருக்கிறதா” என்பதுதான் பெரும்பாலும் புதிரை உடைக்கும் கேள்வி. கட்டம் நிறைய இருக்கும் இடத்தில் தொடங்காதீர்கள். ஆள் வர முடியாத சந்தில் தொடங்குங்கள்.

பின்வாசல்:
இவ்வளவு எதற்கு? புள்ளிகள் எல்லாமே (3,3)-ஐச் சுற்றிச் சமச்சீராக இருக்கின்றன. மேல் பாதியைப் போட்டுத் திருப்பினால் கீழ்ப்பாதி வந்துவிடும்.

நாற்சதுரம்:
விடை ஒன்றே ஒன்று என்று உறுதியாகத் தெரிந்தால் அது செல்லும். விடையை 180° திருப்பினாலும் அது அதே புள்ளிகளுக்கு விடைதான். ஒரே விடை என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். விடை இரண்டு இருந்தால் ஒன்றைத் திருப்பினால் மற்றது வரலாம். அச்சில் வரும் புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும் என்று நம்பலாம். ஆனாலும் எனக்கு அப்படி முடிப்பதில் ருசி இல்லை.

காகிதப்புலி:
நடுவில் ஒரு கதை. இது ஜப்பானில் நிகோலி பதிப்பகம் பரப்பிய புதிர். பெயரே சிலேடை: ‘டென்டாய்’ என்றால் வான்பொருள், ‘டென் டாய்ஷோ’ என்றால் புள்ளிச் சமச்சீர். அவர்கள் பதிப்பில் சில புள்ளிகள் கறுப்பாக இருக்கும். முடித்ததும் அந்தப் பகுதிகளுக்குக் கறுப்பு அடித்தால் படம் தெரியும். சைமன் டாதமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் இதே விளையாட்டு ‘கேலக்ஸீஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி சரியாக மூடியதும் தானாக நிறம் மாறும், பழகுவதற்கு நல்லது.

அரைக்கட்டம்:
முடிந்தது! (5,2)-இல் தொடங்கிக் கடைசி வரிசைக்கும் அதே வாதத்தைப் போட்டேன், எல்லாம் எ. அப்புறம் (2,2). உ எடுத்தால் ஜோடி (5,1), அது எ-விடம் போய்விட்டது. ஆ, அ, இ மூன்றுக்கும் ஜோடி வெளியே. மிச்சம் ஈ. வெளியே வர ஒரே வழி (2,3).

அ அ அ அ அ
ஆ ஈ ஈ இ இ
உ உ ஈ இ இ
உ உ ஈ ஈ ஊ
எ எ எ எ எ

நடுவில் இசட் எழுத்து. அதற்குக் கண்ணாடிச் சமச்சீரே இல்லை, அதனால்தான் என் கண்ணில் படவில்லை போல. பின்வாசல் சகோ, கீழ்ப்பாதியைத் திருப்பியும் பார்த்தேன், பொருந்துகிறது. நாளை 7×7.

நாற்சதுரம்:
சரிதான். 7×7-இல் முதலில் மூலைப் புள்ளிகளின் நான்கு கட்டங்களையும், கோட்டின் மேல் உள்ள புள்ளிகளின் இரண்டு கட்டங்களையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். அந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டு அரை மணி நேரம் முழித்த நாள் எனக்கு உண்டு.