நுங்கம்பாக்கம் கல்தூண்: தெளிவான படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் சென்னை போனபோது, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய மதராஸ் வானாய்வகத்தின் எச்சங்களைப் பார்த்தேன். 1792இல் நிறுத்திய ஒற்றைக் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. உயரம் 15 அடி, எடை சுமார் 10 டன். தொலைநோக்கி ஆடாமல் இருக்கத்தான் அவ்வளவு கனம்.

அதில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். விரலால் தடவிப் படித்தேன். புள்ளி இல்லை, துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை, நாலைந்து சொல்லுக்கு மேல் பிடிபடவில்லை. உச்சி வெயிலில் எடுத்த படங்களில் எழுத்தே விழவில்லை.

இங்குள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக இந்த வானாய்வகம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1861இல் வானியலாளர் போக்சன் 'ஏசியா' சிறுகோளைக் கண்டது இங்கேதான். இங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியவே தெரியாது, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம்.

தூணின் தமிழ்ப் பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்தவர்கள் தயவுசெய்து இங்கே போடுங்கள். தீபாவளிக்குச் சென்னை போகிறவர்கள் இருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்துப் பாருங்கள், எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும். பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஐயாமார் யாராவது இருந்தால் அவர்களையும் இதில் இணைத்துவிடுங்கள்.