சமரசம் ஆனது என்று எழுதினால் சமரசம் ஆகிவிடுமா?

வில்லியனூர்க்காரி:
புதுச்சேரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருட்டு, அடிதடி வழக்கில் மாட்டிய 18 வயதுக்குட்பட்ட பையன்களையும் அவர்களால் பாதிக்கப்பட்டவர்களையும் நேரில் உட்காரவைத்துப் பேசவைக்கும் திட்டங்களை மதிப்பிடுவதுதான் என் ப்ராஜெக்ட். கடலூரில் எனக்குக் கிடைத்த பதிவேட்டில் "சமரசம் ஆனது / ஆகவில்லை" என்று ஒரே ஒரு கட்டம். அதை எண்ணினால் போதும் என்கிறார் கைடு. எனக்கென்னவோ உறுத்துகிறது. வேறு எதைக் கேட்கலாம்?

முதுநகர் கடைக்காரன்:
தங்கச்சி, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். என் மளிகைக்கடை ஷட்டரை நெம்பிக் கல்லாவைக் காலி செய்தார்கள் இரண்டு பையன்கள். முதலில் ஸ்டேஷனில் "சின்னப் பசங்க, சமரசம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார்கள், கடையை எத்தனை நாள் பூட்டிவிட்டு அலைவது என்று கையெழுத்துப் போட்டேன். உங்கள் கட்டத்தில் அதுவும் வெற்றிதான்! எட்டு மாதம் கழித்து ஒரு பையன் அம்மாவோடு வந்தான், நன்னடத்தை அலுவலரும் கூட இருந்தார். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சாக்கு நூலை உருவிக்கொண்டே இருந்தான். நான் கேட்டது ஒன்றுதான்: அன்றைக்கு நான் ஊரில் இல்லை என்று யாரடா சொன்னது? "நீங்கதான் ஷட்டர்ல ஒட்டியிருந்தீங்க, கல்யாணம், கடை லீவுன்னு." அதுவரை பக்கத்துக் கடைப் பையன்தான் துப்புக் கொடுத்தான் என்று நினைத்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பணம் வரவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன். இதற்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா?

கெடிலக்கரை:
18 வயதுக்குட்பட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணியாளராக இருந்தவன் நான். அண்ணன் சொன்னதிலிருந்தே ஆரம்பியுங்கள் மா. வற்புறுத்தல் இல்லாமல் வந்தாரா, கேட்க நினைத்ததைக் கேட்டாரா, பயம் குறைந்ததா என்று அன்றைக்கும் ஆறு மாதம் கழித்தும் கேளுங்கள்.

அடுத்தது, யாரோடு ஒப்பிடுகிறீர்கள்? 90-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்கள் நான்கில் பார்த்தபோது, பேசி ஒப்புக்கொண்ட இழப்பீட்டை 81 சதவீதம் பேர் கட்டி முடித்தார்கள், கோர்ட் விதித்ததை 58 சதவீதம் பேர்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேச ஒப்புக்கொண்டு வருகிற பையன் ஏற்கெனவே பாதி திருந்தியவனாக இருக்கலாமே? அதனால்தான் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995 முதல் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, சிலரைக் கோர்ட்டுக்கும் சிலரைப் பேச்சுக்கும் அனுப்பினார்கள். அடிதடி வழக்குப் பையன்கள் மறுபடி மாட்டுவது நன்றாகவே குறைந்தது. கடையில் திருடியவர்களிடம் அப்படி இல்லை. எல்லா வழக்கையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

வில்லியனூர்க்காரி:
மறுபடி மாட்டினானா என்று இங்கே எப்படி சார் பார்ப்பது?

கெடிலக்கரை:
கஷ்டம்தான். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி கொடுங்குற்றம் தவிர மற்றவற்றின் பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும், பையனின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. குழுமத்திடம் அனுமதி வாங்கி, பெயர் இல்லாமல், இப்போதிருந்தே பின்தொடருங்கள். பழைய ஃபைலை நம்பாதீர்கள்.

வில்லியனூர்க்காரி:
சரி சார். கடைக்கார அண்ணே, சனிக்கிழமை வந்து பேசலாமா?

முதுநகர் கடைக்காரன்:
மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வாங்க, காலையில் சரக்கு இறங்கும். பக்கத்துக் கடைப் பையனையும் கூப்பிடுகிறேன், அவனிடமும் கேளுங்கள்.