18-55 லென்ஸ் ஆடுது, மெட்டல் மவுண்ட் (கேமராவுல மாட்டுற பின் வளையம்) மாத்தினா சரியாகுமா? அவசரம்

கேவி குப்பம் கேமரா
அண்ணங்களா, லென்ஸ் ஆடிகினே இருக்குது. பின்பக்கம் பிளாஸ்டிக். ஆன்லைன்ல மெட்டல் வளையம் விக்கிறாங்க, ஸ்க்ரூ கழட்டி நாமளே மாத்திடலாம்னு வீடியோ இருக்குது. மாத்தலாமா? வைகாசி 1 குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தைப் படம் எடுக்கணும், நாள் இல்ல. ஸ்க்ரீன்ல எர்ர் 01 வேற வருது. சீக்கிரம் சொல்லுங்க.

காட்பாடி ஜங்ஷன்
எந்த கம்பெனி 18-55? கேமரா மாடல்? ஆடுறது எது, கேமராவும் லென்ஸும் சேர்ற இடமா, ஜூம் பண்ணா வெளியே நீளுற குழாயா? சுத்துற பக்கமா லேசா நகருதா, மேலே கீழே அசையுதா? எர்ர் 01 எப்போ எப்போ வருது?

ஆற்காடு மக்கன்பேடா
மாத்துங்க தம்பி, யோசிக்கவே வேணாம். பிளாஸ்டிக் மவுண்ட் வந்ததே காசு மிச்சம் பிடிக்கத்தான். கேனான் ஈஎஃப் 50 எஃப்/1.8 எடுத்துக்கோங்க. 1987ல வந்தது மெட்டல் மவுண்ட். 1990ல ரெண்டாவது பதிப்புல பிளாஸ்டிக் ஆக்குனாங்க. 2015ல எஸ்டிஎம் பதிப்பு வந்தப்போ திரும்ப மெட்டலுக்கே வந்துட்டாங்க. பிளாஸ்டிக் போதும்னா எதுக்கு வரணும்?

கத்திரி வெயில்
நம்ம ஊர் வெயில்தான் காரணம். இப்போ 40 டிகிரிக்கு மேல அடிக்குது, வண்டி டிக்கியில வெச்சா இன்னும் அதிகம். பிளாஸ்டிக் இளகி மவுண்ட் வாய் அகண்டுபோகும். மெட்டலுக்கு அந்தத் தொல்லை இல்ல.

எஃப் மவுண்ட் 46.5
இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவை வருது. மாடல் எழுதணும், படம் போடணும்னு எத்தனை தடவை சொல்றது? "18-55"னு எழுதினா நிக்கானா, கேனானா, எந்தப் பதிப்புன்னு நாங்க ஜோசியமா பாக்கணும்? கத்திரி வெயில், உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். லென்ஸுக்குப் போடுற பிளாஸ்டிக், பாலிகார்பனேட், இளக ஆரம்பிக்கிறதே 147 டிகிரி பக்கத்துல. அந்தச் சூட்டுல உங்க வண்டி டிக்கியில எதுவுமே மிஞ்சாது. அடிப்படை படிச்சிட்டு வாங்க.

கேவி குப்பம் கேமரா
கேனான்தான். ஐஎஸ் 2னு போட்டிருக்குது. மேல கீழ அசையுது, படத்துல இடது ஓரம் மங்கலா வருது. எர்ர் 01 எப்பன்னு கவனிக்கல. மெட்டல் வளையம் ஆர்டர் போடட்டா?

காட்பாடி ஜங்ஷன்
போடாதீங்க, பொறுங்க. கேமரா மாடல் இன்னும் சொல்லல. அதுக்குள்ள இந்தச் சோதனைகளைப் பண்ணிடுங்க, கருவி எதுவும் வேணாம்.

முதல்ல லென்ஸை மாட்டி, வலது இடதா திருப்புற மாதிரி அசைச்சுப் பாருங்க. கொஞ்சம் நகரும். பூட்டு முள் லென்ஸ் பள்ளத்துல விழுறதுக்கு விடுற இடைவெளி அது, கோளாறு இல்ல. அடுத்து லென்ஸ் நுனியைப் பிடிச்சு மேலே கீழே தள்ளுங்க. மவுண்ட் கிட்ட இடைவெளி திறந்து மூடுற மாதிரி தெரிஞ்சா அதுதான் கோளாறு. அப்புறம் லென்ஸைக் கழட்டி, 55க்கு நீட்டி, அடிப்பாகத்தை ஒரு கையில பிடிச்சுகிட்டு முன் குழாயை மட்டும் அசைங்க. இந்த வகை லென்ஸ்ல சின்ன ஆட்டம் புதுசுலயே இருக்கும். கடகடன்னு சத்தம் வந்தா உள்ளே குழாயை வழிநடத்துற முளையோ அதோட ஸ்க்ரூவோ தளர்ந்திருக்கு. அப்போ மவுண்ட் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

முக்கியமான சோதனை: இதே லென்ஸை வேற கேனான் பாடியில மாட்டுங்க, உங்க பாடியில வேற லென்ஸை மாட்டுங்க. ஆட்டம் எது கூடப் போகுதோ அதுதான் பழுது.

ஓரம் மங்கலுக்கு, ஸ்டாண்டு போட்டு செங்கல் சுவரை நேரா எடுங்க. 18 எம்எம், எஃப்/3.5, லைவ் வியூல பெரிசாக்கி கையால ஃபோகஸ். அப்புறம் கேமராவைத் தலைகீழா வெச்சு அதே சுவரை இன்னொரு படம். திருப்பி நிமிர்த்தாம, கேமரா பதிவு பண்ண ஃபிரேம் படியே ரெண்டையும் ஒப்பிடுங்க. ரெண்டுலயும் இடது ஓரமே மங்கினா லென்ஸோ மவுண்ட்டோ சாய்ஞ்சிருக்கு. மங்கல் வலதுக்குத் தாவினா சுவருக்கு நீங்க நேரா நிக்கல, அவ்வளவுதான்.

எர்ர் 01ங்கிறது கேமராவும் லென்ஸும் பேசிக்கிறதுல வர்ற தடங்கல். ஏவி முறையில (அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையோட அளவை, நாமளே வைக்கிறது) முழுசா திறந்து பத்துப் படம், எஃப்/8ல பத்துப் படம். எஃப்/8ல மட்டும் வந்தா அப்பர்ச்சருக்குப் போற ஃபிளெக்ஸ் கேபிள் (வளையுற பட்டை வயர்) மேல சந்தேகம். லென்ஸை மேலே தள்ளினா போயி, விட்டா வந்தா, ஆட்டத்தால காண்டாக்ட் விட்டுப்போகுது.

ஆற்காடு மக்கன்பேடா
இவ்வளவு சோதனை எதுக்கு? பழைய மெட்டல் லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, பித்தளை, அலுமினியம். நிக்கானோட பழைய நிக்கார் ஏஐ வகை லென்ஸுக்கு அடாப்டர் இருக்கு, கேனான் பாடியில உக்காரும். நாப்பது வருஷம் ஆனாலும் ஆடாது.

எஃப் மவுண்ட் 46.5
உக்காரும், மவுண்ட்டுல இருந்து சென்சார் வரைக்கும் தூரம் நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5 எம்எம், கேனான் ஈஎஃப் மவுண்ட்டுக்கு 44, அடாப்டருக்கு 2.5 எம்எம் இடம் கிடைக்குது. ஆனா ஆட்டோஃபோகஸ் கிடையாது. சிரசு ஊர்வலக் கூட்டத்துல கையால ஃபோகஸ் பண்ணச் சொல்றீங்களா? இன்னொண்ணு, பழைய மெட்டல் லென்ஸ்ல ஃபோகஸ் மரை பித்தளையும் அலுமினியமும் உராயுற ஜோடி. அலுமினியத்துல அலுமினியம் உராய்ஞ்சா பிடிச்சுக்கும்னுதான் அப்படி. நடுவுல இருக்கிற கிரீஸ் இந்தச் சூட்டுல எண்ணெயா பிரிஞ்சு அப்பர்ச்சர் இதழ்ல ஏறி ஒட்டிக்கும். மெட்டல்னா சாகாவரம்னு நினைக்கிறவங்க பின்னாடி திருப்பி இதழைப் பாக்கறதே இல்ல.

கத்திரி வெயில்
இளகாது சரி, விரியுமே? பாலிகார்பனேட் அலுமினியத்தை விட மூணு மடங்கு விரியும். அதைச் சொல்லாம விடுறீங்க.

எஃப் மவுண்ட் 46.5
கணக்கு போடுவோம். ஒரு டிகிரிக்கு மில்லியன்ல அலுமினியம் 23 பங்கு, வெறும் பாலிகார்பனேட் 70 பங்கு வரைக்கும். 20 எம்எம் நீளம், 20 டிகிரி ஏற்றம்: அலுமினியம் 0.009 எம்எம், பாலிகார்பனேட் 0.028 எம்எம். லென்ஸுக்குப் போடுற கண்ணாடி இழை கலந்த வகை அலுமினியத்துக்குக் கிட்ட வந்துடும். இந்த சென்சார் அளவுக்கு எஃப்/3.5ல ஃபோகஸ் முன்பின் 0.066 எம்எம் வரைக்கும் விலகினாலும் படம் தாங்கும். ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் புதுசா பிடிக்கிறதால அதுகூட தெரியாது.

ஜவ்வாது மலை
பொருள் விரியறதைத் தடுக்கிறதை விட, விரிஞ்சதைத் திருத்தறதுதான் வழி. நம்ம காவலூர்ல 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியோட ஆடி சீரோடூர்ங்கிற கண்ணாடிப் பீங்கான், சூட்டுல விரியவே விரியாதுன்னு சொல்லலாம். ஆனா ஆடியோட குவியத் தூரம் 7.6 மீட்டர். அந்த நீளத்துக்கு எஃகு 10 டிகிரிக்கு 0.9 எம்எம் நீளும். அதனால ராத்திரி குளிர குளிர ஃபோகஸைத் திருத்திகிட்டேதான் இருக்கணும். மெட்டல் உயர்ந்தது, பிளாஸ்டிக் தாழ்ந்ததுங்கிற பேச்சுக்கே அங்க இடமில்ல.

ஆற்காடு மக்கன்பேடா
தொலைநோக்கி வேற, கீழே விழுற லென்ஸ் வேற. விழுந்தா எது உடையும்?

காட்பாடி ஜங்ஷன்
ரெண்டுமே அடிபடும், விதம்தான் வேற. மெட்டல் ஃபில்டர் வளையம் நசுங்கினா நசுங்கினபடியே நிக்கும், ஃபில்டர் ஏறாது, இறங்காது. பிளாஸ்டிக் வளைஞ்சு திரும்பிடும், இல்ல துண்டா உடையும். மவுண்ட்லயும் அதேதான். பிளாஸ்டிக் மவுண்ட் காது (பாடியில கொக்கி மாதிரி மாட்டுற நீட்டம்) உடைஞ்சா அந்த வளையத்தோட செலவு போகும், உள்ளே கிளாஸ் தப்பிக்கும். மெட்டல் வளையம் உடையாது, ஆனா அதோட ஸ்க்ரூ இறங்குறது பெரும்பாலும் பிளாஸ்டிக் தூண்லதான். அடி அந்தத் தூணுக்குப் போயி அதைப் பிளக்கும். 50 எஸ்டிஎம் மெட்டல் மவுண்ட்னு சொன்னீங்க, அந்த லென்ஸ் உடம்பு என்ன மெட்டலா?

அகழிக்கரை
கேவி குப்பம் தம்பி, ஒரே ஒரு கேள்வி. உங்க கேமராவுல ஆன்/ஆஃப் சுவிட்ச் தனியா இருக்கா, இல்ல மோட் டயலைத் திருப்பினாத்தான் ஆஃப் ஆகுமா?

கேவி குப்பம் கேமரா
மோட் டயல்லதாண்ணா ஆஃப். 3000டி. சாயங்காலம் ஸ்டுடியோல 70-200 எஃப்/2.8 இருக்குது, அதையும் இதுலதான் மாட்டுறேன். அதுவும் ஆடுச்சு, வெயிட்டுக்கு ஆடுதுன்னு விட்டுட்டேன்.

அகழிக்கரை
இதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா இத்தனை பேச்சு வேணாம். 3000டியில பாடி மவுண்ட்டே பிளாஸ்டிக். 1500டியில பாடி வாய் மெட்டல், உங்களோடது அப்படி இல்ல. பாடி 436 கிராம். 70-200 ரெண்டாவது பதிப்பா இருந்தா 1490 கிராம். பாடியைப் பிடிச்சுத் தூக்கினா அந்த முழுப் பாரமும் பாடியோட பிளாஸ்டிக் வளையத்துலயும், அதுக்குப் பின்னாடி லென்ஸ் காதை அழுத்திப் பிடிக்கிற தகடு ஸ்பிரிங்லயும் தொங்குது. ரெண்டு லென்ஸும் ஆடுதுன்னா கோளாறு பாடி பக்கம். மெட்டல் வளையம் வாங்காதீங்க. அதை 18-55ல போட்டா, மெட்டல் காது பாடியோட பிளாஸ்டிக்கை ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் தேய்க்கும். விலை குறைஞ்ச லென்ஸைக் காப்பாத்தி, விலை கூடின பாடியைத் தேய்க்கிற வேலை அது.

எஃப் மவுண்ட் 46.5
வளையத்தோட கனமும் ஒரு விஷயம். அடியில ஷிம் தகடு (உயரம் சரிபண்ண வைக்கிற மெல்லிசு தகடு) இருந்தா அதை எடுத்த இடத்துலயே, அதே திசையில வைக்கணும். கனம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு மாறினா ஆட்டோஃபோகஸ் சமாளிக்கும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினா சாய்வு, அதை எந்த ஆட்டோஃபோகஸும் திருத்தாது. கடைச்சரக்கு வளையத்துல அந்தத் துல்லியத்தை யாரும் அளந்து தரமாட்டாங்க.

ஆற்காடு மக்கன்பேடா
பாடி வாயே பிளாஸ்டிக்னா நான் சொன்னது இங்க பொருந்தாது. மாத்த வேணாம் தம்பி. 70-200க்கு மட்டும் மெட்டல் வாய் பாடிதான் வேணும், அதுல நான் மாறல.

காட்பாடி ஜங்ஷன்
அதுல எனக்கும் சம்மதம். இப்போ கையால செய்யக்கூடியது: லென்ஸைக் கழட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடிச்சுகிட்டு பாடி வளைய ஸ்க்ரூக்களைப் பாருங்க. எதாவது தலை தூக்கியிருந்தா ஜேஐஎஸ் 00 (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் முனையால மட்டும் தொடுங்க. சாதாரண பிலிப்ஸ் முனை வழுக்கி தலையைத் தின்னுடும். பிளாஸ்டிக்ல இறங்குற ஸ்க்ரூவை முதல்ல எதிர்ப்பக்கம் மெதுவா சுத்துங்க, பழைய மரையில 'டக்'னு விழும், அப்புறம் முடுக்குங்க. நேரா முடுக்கினா புது மரை வெட்டி தூண் வீணாயிடும். விரல் நுனி பலம் போதும். மரை பசை போடாதீங்க, பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கும். ஃபெவிகுவிக் கிட்டயே கொண்டுபோகாதீங்க, அதோட ஆவி கிளாஸ்ல வெள்ளையா படியும். ஸ்க்ரூ எல்லாம் சரியா இருந்தும் ஆடினா தகடு ஸ்பிரிங்கோ வளையமோ போயிருக்கு, சர்வீஸ் ஆள் வேலை. பாடி வளையம் மாத்தினா சென்சார் வரைக்கும் உள்ள தூரத்தை அளந்து வைக்கணும், வீட்ல ஆகாது.

எர்ர் 01க்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, ரெண்டு பக்கக் காண்டாக்டும். சானிடைசர் வேணாம், அதுல இருக்கிற கிளிசரின் படலமா நிக்கும். உப்புத்தாள் போட்டா தங்கப் பூச்சே போயிடும்.

கத்திரி வெயில்
சிரசு அன்னிக்கு தூசி, தண்ணி ரெண்டும் இருக்கும். 3000டிக்கு அதைத் தடுக்கிற சீல் கிடையாது. ஆடுற மவுண்ட் வழியா உள்ளே போகும். பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்டு கட்டுங்க, கூட்டத்துக்குள்ள லென்ஸ் மாத்தாதீங்க.

கேவி குப்பம் கேமரா
ஃப்ரெண்டோட 1500டியில மாட்டினா 18-55 ஆடல, எர்ரும் வரல. என் பாடிதான். ஆர்டர் போடல. அந்த 1500டியவே கேட்டிருக்கேன். 70-200 அதுல மாட்டலாமில்ல?

அகழிக்கரை
மாட்டலாம். லென்ஸோட டிரைபாட் காலரைப் பிடிச்சுத் தூக்குங்க, பாடியைப் பிடிச்சில்ல. கழுத்துப் பட்டையில தொங்கவிட்டு நடக்கும்போதும் ஒரு கை லென்ஸுக்கு அடியில இருக்கணும்.

பேரணாம்பட்டு
நிக்கான் ஏஎஃப்-பி 18-55 லேசா ஆடுது, அதுக்கும் இதே சோதனைதானா?

எஃப் மவுண்ட் 46.5
தனி இழை தொடங்குங்க. பாடி மாடலை முதல் வரியிலயே எழுதுங்க.